சென்சாரை ஏமாற்றினால் என்ஜினுக்குப் பலம் கூடுமா?

ஒரு ரெசிஸ்டர், இரண்டு துண்டு வயர், கால் மணி நேர வேலை. இவ்வளவையும் வைத்து ஒரு சென்சாரை ஏமாற்றினால் போதும், வண்டியின் பிக்கப் எகிறும், மைலேஜும் ஏறும் என்று சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் ஏராளம். அதே ரெசிஸ்டரை ஒரு பளபளப்பான பெட்டிக்குள் வைத்து ‘பெர்ஃபார்மன்ஸ் சிப்’ என்று விற்பவர்களும் உண்டு.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். போட்ட அன்றே வண்டி பறந்தது என்கிறது ஒரு கட்சி. சுத்த ஏமாற்று வேலை, அதனால் ஒன்றுமே நடக்காது என்கிறது இன்னொன்று. இரண்டு பேச்சிலும் ஓட்டை இருக்கிறது. அந்த ரெசிஸ்டர் என்ஜின் ஓடும் விதத்தை நிஜமாகவே மாற்றுகிறது. எதை மாற்றுகிறது, எவ்வளவு நாளைக்கு மாற்றுகிறது, அதற்கு என்ஜின் என்ன விலை கொடுக்கிறது என்பதைத்தான் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. பள்ளிக்கூட இயற்பியல் ஞாபகம் இருந்தால் போதும், இதைப் புரிந்துகொள்ளலாம்.

கட்டுரை முழுக்க பெட்ரோல் என்ஜினைத்தான் எடுத்துக்கொள்கிறேன். டீசல் கதை வேறு. அதற்குப் பின்னால் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

## பலம் காற்றில் இருக்கிறது

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். கணக்குப் போட்டால் அதற்குக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 11 கிலோ காற்று என்பது சுமார் 9,000 லிட்டர். ஒரு லிட்டர் திரவத்தை எரிக்க, ஏர் ஃபில்டர் வழியாக 9,000 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும்.

என்ஜினுக்கு எது பற்றாக்குறை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கூடுதல் பெட்ரோல் தெளிப்பது ரொம்பச் சுலபம். பெட்ரோலைத் தெளிக்கும் மின்வால்வான இன்ஜெக்டர் ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லி விநாடிகள்தான் திறக்கிறது. அதை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் முடிந்தது. கூடுதல் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. சிலிண்டரின் கொள்ளளவு, வால்வு திறக்கும் அளவு, காற்றின் அடர்த்தி எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு உச்சவரம்பு போட்டுவிடுகின்றன. டர்போ என்ற பொருளே காற்றை அமுக்கி உள்ளே தள்ளத்தான் வந்தது.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடைக் கணக்கைக் கலவை விகிதம் என்கிறோம். 14.7க்கு 1 என்பது நடுநிலை. பெட்ரோல் அதைவிடக் கூடினால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள், குறைந்தால் ‘லீன்’. பெட்ரோல் என்ஜினுக்கு அதிகபட்ச பலம் கிடைப்பது கொஞ்சம் ரிச்சான பக்கத்தில், சுமார் 12.5 முதல் 13 வரை. கொஞ்சம் பெட்ரோல் உபரியாக இருந்தால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் வீணாகாமல் முழுவதும் பயன்படும் என்பதுதான் காரணம். அதையும் தாண்டி ரிச்சாக்கினால் பலம் மறுபடி இறங்கும்.

முழு ரேஸ் கொடுக்கும்போது வண்டி ஏறக்குறைய இந்த 12.5–13க்குப் போகும்படி தயாரிப்பாளரே எழுதி வைத்திருப்பார். அங்கே நாம் புதிதாக எடுக்க மிச்சம் அதிகம் இல்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: என்ஜினின் பலத்துக்கு எல்லை போடுவது காற்று. காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால், ஒரு சின்ன இடைவெளிக்குள்தான் லாபம். அந்த லாபத்தையும் வண்டி ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

## ஈசியூவுக்கு எண்கள் மட்டுமே தெரியும்

எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க் பிளக்கில் எப்போது பொறி விடுவது என்று தீர்மானிக்கும் கணினியின் பெயர் ஈசியூ. அதற்கு என்ஜினுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. வெப்பம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை மின்னழுத்தமாக மாற்றி அனுப்பும் சென்சார்கள்தான் அதற்கு எல்லாம்.

தொலைபேசியிலேயே வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை வீட்டில் இருப்பவர் படித்துச் சொல்வார், அதை வைத்து மருந்தின் அளவைச் சொல்வார் மருத்துவர். தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கி எடுத்து ‘104 காட்டுகிறது டாக்டர்’ என்றால், அவர் கடுமையான காய்ச்சலுக்கான மருந்தைத்தான் எழுதுவார். நோயாளியின் உடம்பில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை. காய்ச்சல் இல்லாத உடம்புக்குள் காய்ச்சல் மருந்து போகிறது, அவ்வளவுதான். மலிவான சென்சார் மாற்றங்கள் அத்தனையும் இந்த வெந்நீர் வேலையில்தான் வந்து முடியும்.

உள்ளே வரும் காற்றின் எடையை ஈசியூ அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரடி வழி. காற்றுப் பாதையில் சூடான ஒரு மெல்லிய கம்பி இருக்கும். காற்று அதைக் கடந்து போகும்போது கம்பி குளிரும். அதன் சூட்டை விடாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் எடை தெரிந்துவிடும். இதற்கு மாஃப் சென்சார் என்று பெயர். இன்னொன்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வழி. காற்று நுழையும் குழாயின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும், காற்றின் வெப்பத்தை ஐஏடி சென்சார் சொல்லும். சிலிண்டரின் அளவும் சுற்று வேகமும் ஈசியூவுக்குத் தெரியும். இவற்றிலிருந்து காற்றின் எடையை அது கணக்கிடும்.

ரெசிஸ்டர் வித்தைக்காரர்கள் பெரும்பாலும் குறிவைப்பது இந்த ஐஏடி சென்சாரைத்தான். எட்டும் இடத்தில் இருக்கிறது, இரண்டே வயர், ஏமாற்றுவது சுலபம்.

## ரெசிஸ்டர் போட்டால் உள்ளே நடப்பது

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஐஏடி சென்சாரின் நுனியில் தெர்மிஸ்டர் என்ற ஒரு சின்ன மணி இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில், 0 டிகிரி செல்சியஸில் சுமார் 5,900 ஓம், 20 டிகிரியில் 2,500 ஓம், 40 டிகிரியில் 1,200 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு இருக்கும்.

ஈசியூ தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை இந்தச் சென்சாருக்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று அளக்கும். உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் 2,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காற்று 20 டிகிரியில் இருந்தால் இரண்டு பக்கமும் சமம், சரியாக 2.5 வோல்ட். 40 டிகிரியில் சுமார் 1.6 வோல்ட். ஈசியூ தன் அட்டவணையைப் பார்த்து, ‘1.6 என்றால் 40 டிகிரி’ என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகுகிறார்கள். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று மூன்று பட்டைகளும் ஓரத்தில் பொன்னிறமும் உள்ள ரெசிஸ்டர். மின்னழுத்தம் 3.26 வோல்ட்டுக்கு ஏறிவிடும். ஈசியூவின் அட்டவணையில் அது ஏறக்குறைய 5 டிகிரி. வெளியே வெயில் கொளுத்தினாலும், போக்குவரத்து நெரிசலில் என்ஜின் கொதித்தாலும், ஈசியூவைப் பொறுத்தவரை எப்போதும் 5 டிகிரிக் குளிர்தான்.

குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். அதனால் எடையும் அதிகம் என்று ஈசியூ நினைத்துக்கொள்ளும். எவ்வளவு அதிகம்? அடர்த்திக் கணக்கைக் கெல்வினில்தான் போட வேண்டும். 40 டிகிரி என்பது 313 கெல்வின், 5 டிகிரி என்பது 278. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 1.126. அதாவது காற்று 12.6 சதவீதம் கூடுதலாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதே அளவு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். உள்ளே வந்த காற்று என்னவோ அதே 40 டிகிரிக் காற்றுதான்.

சிலர் சென்சாரைக் கழற்றாமல், அதனோடு வரிசையாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பார்கள். இது நாகரிகமான முறை என்று பெயர் வாங்கியிருக்கிறது, சென்சாரும் வேலை செய்கிறதே என்ற தைரியம். அதில் இருக்கும் கோளாறு பலருக்குத் தெரியாது. 1,300 ஓம் சேர்த்தோம் என்று வையுங்கள். 40 டிகிரிக் காற்று 20 போலத் தெரியும், பொய் 20 டிகிரி. காற்று 0 டிகிரியில் இருந்தால் மொத்தம் 7,200 ஓம், அப்போது பொய் 5 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆனால் நெரிசலில் நின்று நின்று குழாய்க் காற்று 80 டிகிரிக்குப் போனால்? 320 ஓமும் 1,300 ஓமும் சேர்ந்து 1,620. ஈசியூ அதை 31, 32 டிகிரி என்று படிக்கும். பொய் கிட்டத்தட்ட 50 டிகிரி. என்ஜின் எந்த நேரத்தில் மிகவும் ஜாக்கிரதையாக ஓட வேண்டுமோ, அந்த நேரத்தில்தான் இந்த முறை மிகப் பெரிய பொய்யைச் சொல்கிறது.

மாஃப் சென்சார் உள்ள வண்டியில் காற்றின் எடை நேரடியாகவே தெரிந்துவிடுவதால், ஐஏடி பொய்யால் பெட்ரோல் அளவு பெரிதாக மாறாது. அங்கே அது முக்கியமாக, பொறி விடும் நேரமான டைமிங்கைப் பாதிக்கும். அதற்கு அப்புறம் வருவோம்.

## இரத்தப் பரிசோதனை வந்துவிடும்

நம் மருத்துவர் ஏமாளி இல்லை. மருந்து கொடுத்த பிறகு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். முடிவைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுவார். ஈசியூவுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்து தருவது ஆக்சிஜன் சென்சார். புகை போகும் குழாயில் பொருத்தி, எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி இது. பாஷ் நிறுவனம் 1976இல் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. வால்வோ கார்களில்தான் முதலில் வந்தது.

சாதாரண வகை ஆக்சிஜன் சென்சார் தானே மின்னழுத்தம் உண்டாக்கும். கலவை ரிச்சாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட். லீனாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட். நடுக்கோடு 0.45. ‘ரிச்’ என்று தகவல் வந்ததும் ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், ‘லீன்’ என்றதும் கூட்டும். இப்படி முடிவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே ஓடுவதை மூடிய சுற்று என்கிறார்கள். நிதானமான வேகத்தில் போகும்போதும், சும்மா நின்று ஓடும்போதும் பெரும்பாலான வண்டிகள் இப்படித்தான் ஓடும்.

திருத்தத்தின் அளவுக்கு ஃபியூல் டிரிம் என்று பெயர். உடனுக்குடன் மாறுவது குறுகிய கால டிரிம். ஒரே திசையில் தொடர்ந்து திருத்த வேண்டியிருந்தால், ஈசியூ அதை மனப்பாடம் செய்து நீண்ட கால டிரிமாகப் பதிந்துகொள்ளும். நம் உதாரணத்தில் 12.6 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகிறது. புகையில் அது தெரிந்துவிடும். ஈசியூ சுமார் 11 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு பழைய 14.7க்கே திரும்பி வந்துவிடும். ரெசிஸ்டர் அங்கேயே இருக்கிறது, பொய்யும் தொடர்கிறது, என்ஜின் மட்டும் முன்பு ஓடியபடியே ஓடுகிறது.

அப்படியானால் நஷ்டமும் இல்லையே என்று தோன்றலாம். இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. பல வண்டிகளில் 20, 25 சதவீதத்தை நெருங்கினால் ‘செக் என்ஜின்’ விளக்கு எரியும், கலவை மிகவும் ரிச் என்பதற்கான பி0172 என்ற குறியீடு பதிவாகும். அந்த எல்லையில் பாதியை நம் பொய்யே தின்றுவிட்டது. நாளைக்கு ஒரு இன்ஜெக்டர் ஒழுக ஆரம்பித்தால், சமாளிக்க ஈசியூவிடம் கையிருப்பு குறைவு.

ஆக, சாதாரண ஓட்டத்தில் ஈசியூ பொய்யைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுகிறது. பிரச்சினையெல்லாம் பரிசோதனை நடக்காத நேரத்தில்தான்.

## முழு ரேஸ் கொடுக்கும்போது

ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்கியதும் பல ஈசியூக்கள் அந்தச் சாதாரண ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் அந்தச் சென்சாருக்குத் தெரியும், 12.8 என்று துல்லியமாக அதனால் சொல்ல முடியாது. அதனால் ஈசியூ அட்டவணையில் எழுதியபடியே ஓட்டும். இது திறந்த சுற்று.

இப்போது பொய்க்குத் தடையே இல்லை. அட்டவணையின் இலக்கு 12.8 என்றால், 12.6 சதவீதக் கூடுதல் பெட்ரோல் அதை 11.4க்கு இழுத்துவிடும். பலம் கூடும் இடத்தைத் தாண்டி இறங்கும் பக்கத்துக்கு வந்துவிட்டோம். நீண்ட கால டிரிமைத் திறந்த சுற்றிலும் பயன்படுத்தும் ஈசியூக்களும் உண்டு. அவற்றில் பொய் இங்கேயும் கழிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் பிக்கப் கூட வழியில்லை.

அளவுக்கு மீறி ரிச்சாக ஓடினால் பிளக் கறுத்துப்போகும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும், கழுவியது கீழே இறங்கி என்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளும் பிஸ்டன் ரிங்குகளும் சீக்கிரம் தேயும். பிளக் கெட்டு மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அதன் உட்பகுதியே உருகிப்போகலாம். ரெசிஸ்டரின் விலையையும் கன்வெர்ட்டரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘மலிவான மாற்றம்’ என்று சொல்ல மனம் வராது.

## டைமிங்: ஆபத்து இங்கேதான்

பெட்ரோல் கூடியதைவிட எனக்குக் கவலை தருவது இது. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். தீ பரவ நேரம் எடுக்கும் அல்லவா. எவ்வளவு முன்பு என்பதுதான் டைமிங். ஓரளவுக்கு முன்னால் தள்ளினால் பலம் கூடும். அதிகமாகத் தள்ளினால் நாக்கிங் வரும்.

நாக்கிங் என்றால், பிளக்கிலிருந்து தீ வந்து சேரும் முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பது. உலோகத்தைத் தட்டுவது போன்ற ‘டிக் டிக்’ சத்தம் வரும். அந்த அழுத்த அலை பிஸ்டனின் தலையை அரிக்கும், ரிங்கை உடைக்கும்.

காற்று சூடாக இருந்தால் நாக்கிங் வாய்ப்பு அதிகம். அதனால் ஐஏடி சென்சார் ‘சூடு’ என்றால் ஈசியூ டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்து என்ஜினைக் காப்பாற்றும். காற்று கொதிக்கும்போது ‘5 டிகிரி’ என்று பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பு நடக்காது. குளிர்காலத்துக்கான டைமிங்கில், கொதிக்கும் காற்றோடு, முழு பாரத்தில் என்ஜின் ஓடும்.

கார்களில் பெரும்பாலும் நாக் சென்சார் இருக்கும். என்ஜின் உடம்பில் திருகி வைத்த ஒரு ஒலிவாங்கி என்று சொல்லலாம். நாக்கிங்கின் அதிர்வு பொதுவாக 6,000, 7,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும், அதைக் கேட்டதும் ஈசியூ டைமிங்கை இழுத்துவிடும். ஆனால் கேட்பதற்கு முதலில் நாக்கிங் நடந்தாக வேண்டுமே. அடி விழுந்த பிறகுதான் தடுப்பு. இருசக்கர வண்டிகளில் பலவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது. அங்கே தடுக்க யாரும் இல்லை.

## அப்புறம் ஏன் ‘வித்தியாசம் தெரிகிறது’ என்கிறார்கள்?

அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

ரெசிஸ்டர் போடும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டச் சொல்வார்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈசியூ மனப்பாடம் செய்த டிரிம் அழிந்துவிடும். மறுபடி கற்றுக்கொள்ளும் வரை, முதல் சில ஓட்டங்களில் கலவையும் டைமிங்கும் உண்மையிலேயே மாறியிருக்கும். பலம் கூடாவிட்டாலும் வண்டியின் குணம் வேறாகத் தெரியும். கொஞ்ச நாளில் அது மங்கிவிடும். அப்போது ‘பழகிவிட்டது’ என்று சொல்லிக்கொள்வோம்.

இன்னொரு காரணம் நியாயமானது. புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சில மோட்டார் சைக்கிள்கள் குறைந்த ரேஸில் லீனாக ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கும். அந்த மாதிரி வண்டியில், ஆக்சிஜன் சென்சார் தலையிடாத இடங்களில், பெட்ரோலைச் சில சதவீதம் கூட்டினால் ஓட்டம் மென்மையாகும். இது உண்மை. ஆனால் கிடைப்பது மென்மை, உச்ச பலம் இல்லை.

ஆக்சிலரேட்டர் பெடலின் சென்சாரோடு இணைக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. கால் பாகம் அமுக்கினால் பாதி அமுக்கியதாக ஈசியூவுக்குச் சொல்லும். தொட்டதும் வண்டி பாய்வது போல இருக்கும். பெடலைத் தரையோடு அமுக்கினால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம்தான்.

வானிலையும் ஏமாற்றும். 30 டிகிரி மதியத்தில் ஓட்டிய வண்டியை 20 டிகிரி காலையில் ஓட்டினால், காற்றின் அடர்த்தியே 3 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். ரெசிஸ்டர் போட்ட நாள் குளிர்ந்த நாளாக இருந்தால் பாராட்டு அதற்குப் போய்விடும். நிஜமாகவே சோதிக்க வேண்டுமென்றால், மூடிய பாதையில், ஒரே கியரில், ஒரே வெப்பநிலையில், இரண்டு திசையிலும் பலமுறை ஓட்டி நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சியை வைத்து 5 சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

## மற்ற சென்சார்களில் கை வைத்தால்

குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் சென்சாரில் ரெசிஸ்டர் போடுவது நான் பார்த்த யோசனைகளிலேயே மோசமானது. என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து ஈசியூ கூடுதல் பெட்ரோல் தரும், உண்மைதான். ஆனால் ரேடியேட்டர் விசிறியை ஓடவிடுவதும் பல வண்டிகளில் அதே எண்ணைப் பார்த்துத்தான். என்ஜின் கொதித்தாலும் விசிறி சுற்றாது. டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளும் பெரும்பாலும் அதே சென்சாரைத்தான் நம்பியிருக்கிறது, ஆகவே ஓட்டுகிறவருக்கும் தெரியாது. சிலிண்டரின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும்.

ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி, கலவை ரிச்சாக இருப்பதாக ஈசியூவை நம்ப வைப்பது மைலேஜ் ஆசைக்காரர்களின் வழி. ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், கலவை லீனாகும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்வது 14.7ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள். லீன் பக்கம் போனால் நைட்ரஜன் ஆக்சைடுகளை அதனால் சிதைக்க முடியாது, நச்சுப் புகை அப்படியே வெளியேறும். பல நாடுகளில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் இப்படிக் கை வைப்பது சட்டப்படி குற்றம். நாக் சென்சாரை முடக்குவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது காவலைத் துரத்திவிடுவது.

சரி, டீசல். டீசல் என்ஜினில் காற்று எப்போதும் தேவைக்கு மேல்தான் இருக்கும், பலத்தைத் தீர்மானிப்பது தெளிக்கும் டீசலின் அளவு. காமன் ரெயில் என்ற பொதுக் குழாயில் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் குறைத்துச் சொல்ல வைத்தால், ஈசியூ பம்ப்பை இன்னும் முடுக்கும், அதே நேரத்துக்குள் கூடுதல் டீசல் பாயும், பலம் நிஜமாகவே கூடும். டீசல் பெட்டிகள் வேலை செய்கின்றன என்று சொல்வதன் அடிப்படை இதுதான். விலையாக பம்ப், இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் எல்லாவற்றிலும் சுமை ஏறும், கரும்புகை வரும். அந்த அனுபவத்தைப் பெட்ரோல் வண்டிக்கும் பொருத்திப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது.

## செலவில்லாமல் உண்மையிலேயே செய்யக்கூடியது

ஐஏடி ரெசிஸ்டர் பொய்யாகச் சொல்வதை உண்மையாக்கலாமே. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் மூக்குக் குழாய் பல பழைய வண்டிகளில் கழன்றோ உடைந்தோ போயிருக்கும். அப்போது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் என்ஜின் இழுக்கும். அந்தக் குழாயைத் திரும்ப மாட்டி, உள்ளே போகும் காற்றை 40லிருந்து 30 டிகிரிக்கு இறக்கினால், காற்று நிஜமாகவே 3 சதவீதம் கூடும். சென்சாரும் அதை நேர்மையாகச் சொல்லும், டைமிங்கும் பாதுகாப்பாகவே முன்னேறும்.

மற்றதெல்லாம் சென்சாரை உண்மை பேச வைக்கும் வேலைகள். மாஃப் கம்பியில் தூசியும் ஆயிலும் படிந்தால் காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயை அடித்துத் தானாக உலரவிட வேண்டும், கம்பியைத் துணியாலோ பிரஷ்ஷாலோ தொடக்கூடாது. குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் குளிர்நீர் சூடேறாது. வண்டி நாள் முழுக்க ரிச்சாகவே ஓடி மைலேஜைக் கொட்டும். நன்றாகச் சூடேறிய என்ஜினில் பெரும்பாலும் 85 முதல் 100 டிகிரிக்குள் காட்ட வேண்டும்.

பலத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நேர்வழி ரீமேப். சென்சாரைத் தொடாமல் ஈசியூவின் அட்டவணைகளையே திருத்துவது. கலவையைத் துல்லியமாகச் சொல்லும் அகலப் பட்டை ஆக்சிஜன் சென்சாரும், பலத்தை அளக்கும் டைனோ மேடையும் வைத்துச் செய்கிறவரிடம் போக வேண்டும். டர்போ உள்ள வண்டியில் பலன் நன்றாகத் தெரியும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் கொஞ்சம்தான். காற்றின் உச்சவரம்பு அங்கேயும் விடாது.

எதையும் மாற்றும் முன்பு, ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் சொருகி நீண்ட கால டிரிமைப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் கூட்டியோ குறைத்தோ இருந்தால் கவலையில்லை. சும்மா நின்று ஓடும்போது 15 சதவீதம் கூட்டுவதாகக் காட்டி, 2,500 சுற்றுக்கு ரேஸ் கொடுத்தால் இயல்புக்கு வந்துவிட்டால், எங்கோ ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் காற்று கசிகிறது. ரேஸ் ஏற ஏற டிரிமும் ஏறினால் மாஃப் அழுக்கா, பெட்ரோல் பம்ப் பலவீனமா என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஐஏடி எண்ணையும் கூலன்ட் எண்ணையும் படியுங்கள். இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 10 டிகிரிக்கு மேல் விலகி நின்றால், அந்தச் சென்சாரையோ அதன் கப்ளரையோ மாற்றுங்கள்.